பத்தாம் வசனம் எங்கே போயிற்று?

கேள்வி: எங்கள் சபையில் வாராவாரம் எழுந்து சாட்சி சொல்லும் ஒருவர், என்னிடம் கைமாற்றாக வாங்கிய 80,000 ரூபாயை இரண்டு வருடமாகத் தரவில்லை. கேட்டால், "நாம கிரியையினால இல்ல, விசுவாசத்தினால இரட்சிக்கப்பட்டவங்க பிரதர்" என்கிறார். இரட்சிப்புக்கும் ஒழுக்கத்துக்கும் சம்பந்தமே இல்லையா? அவரைவிட யோக்கியமாக வாழும் எனக்குத்தானே பரலோகத்தில் முதல் இடம்?

பதில்: அவர் சொல்வது எபேசியர் 2:8, 9. சரியாகத்தான் சொல்கிறார். பத்தாம் வசனத்துக்கு முன்னால் வேதத்தை மூடிவிடுகிறார், அவ்வளவுதான். நாம் சிருஷ்டிக்கப்பட்டதே நற்கிரியைகளை, அதாவது நல்ல செயல்களைச் செய்வதற்காக என்கிறது அது.

'விசுவாசம் மட்டுமே' என்று முழங்கிய ஜெர்மானியச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரும் இவருக்குத் துணை வரமாட்டார். ரோமர் 3:28ஐ 1522இல் ஜெர்மனில் பெயர்த்தபோது, மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்தவர் அவர். கிரியையைப் பேசும் யாக்கோபின் நிருபத்தை 'வைக்கோல்' என்றும் சொன்னார். ஆனால் அதே வருடம் ரோமருக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் சும்மா இருக்காது, செய்யலாமா என்று கேட்பதற்குள் நல்லதைச் செய்து முடித்திருக்கும் என்கிறார். இரண்டு வருடம் கேட்டும் அசையாத விசுவாசத்தை அவர் என்னவென்று சொல்லியிருப்பார்?

பண விஷயம் என்பதால் லூக்கா 19இல் வரும் சகேயுவைப் பார்ப்போம். ஆயக்காரருக்கு, அதாவது வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன், ஊர் அடிவயிற்றிலிருந்து வெறுத்த ஆள். இயேசு அவனிடம் ரசீது எதுவும் கேட்கவில்லை. 'இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும்' என்று தாமாகவே போனார். கிருபை என்பது அதுதான், முந்திக்கொண்டு வந்துவிட்டது. அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். அநியாயமாக எடுத்ததை ஒத்துக்கொண்டால் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு என்பது நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம் (லேவியராகமம் 6). நூறு எடுத்தவன் நூற்றிருபது கொடுத்தால் போதும். சகேயு நாலத்தனையாக, அதாவது நானூறு தருகிறேன் என்றான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்றான். அதைக் கேட்ட பிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார் இயேசு. அது இரட்சிப்புக்குக் கொடுத்த விலையல்ல. வந்திருப்பவர் யார் என்று தெரிந்ததும் பணப்பை தானாகத் திறந்துகொண்டது. உங்கள் நண்பர் நானூறெல்லாம் தரவேண்டாம், அந்த நூறைத் தரட்டும்.

இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கி, கடைசி நேரத்தில் இரட்சிப்படைந்த கள்ளன் என்ன நற்கிரியை செய்தான் என்று அடுத்து கேட்பார். தண்டனை நியாயம்தான் என்று தன் குற்றத்தை வாய்விட்டு ஒத்துக்கொண்டான். அதற்குமேல் செய்ய அவனுக்குப் பொழுதில்லை. இவருக்கு இரண்டு வருடம் இருந்தது.

இனி உங்கள் கடைசி வரி. வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், வருமானத்தில் தசமபாகம் என்று பட்டியல் போட்டு, 'இந்த ஆயக்காரனைப்போல நான் இல்லை' என்று ஜெபித்த பரிசேயன் (நியாயப்பிரமாணத்தைக் கறாராகக் கடைப்பிடித்த யூதப் பிரிவைச் சேர்ந்தவன்) லூக்கா 18இல் இருக்கிறான். பட்டியலில் பொய் இல்லை. ஆனாலும் நீதிமானாக வீடு திரும்பியவன் அவனல்ல. முதல் இடத்துக்குத் துண்டு போடுமுன் அந்தப் பகுதியை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

பணத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். புரோநோட்டு எழுதி வாங்கியிருந்தால் வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, வக்கீலைப் பாருங்கள். சகோதரன்மேல் வழக்குப் போடலாமா என்று 1 கொரிந்தியர் 6ஐக் காட்டுவார். காட்டட்டும். சகோதரரையே நஷ்டப்படுத்துகிறீர்களே என்று பவுல் கோபப்படும் எட்டாம் வசனத்தையும் அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.