வாசகர் கேள்வி: பிஸ்கட் ரின்னில் பழைய நெகட்டிவ்கள்

கேள்வி: எங்கள் புகைப்படக் கழகத்தின் இருட்டறை, பழைய கல்லூரிக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஹைப்போ மருந்தின் மணமும் சிவப்பு பல்பும் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. அக்காலத்துக் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் ஒரு பிஸ்கட் ரின்னில் கிடைத்தன. வெள்ளையாகப் புள்ளி விழுந்திருக்கிறது, சில ஒட்டியும் இருக்கின்றன. தண்ணீரில் அலசலாமா? மாணவர்களுக்கு ஃபிலிம் கழுவப் பழக்கவும் ஆசை.
- வாசகர், உப்புவெளி

பதில்: அலசவே வேண்டாம். அந்தப் புள்ளி பூஞ்சணம். படத்தைத் தாங்கும் ஜெலற்றினைத் தின்றே அது வளர்கிறது. தின்ற இடம் தண்ணீரில் கரையும். நனைத்தால் புள்ளியோடு முகமும் வழிந்து போய்விடும்.

முதலில், இருக்கிற நிலையிலேயே ஸ்கேன் செய்து வையுங்கள். பிறகு 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோலில் பஞ்சை நனைத்து, பளபளப்பான பக்கத்தை ஒரே திசையில் மெதுவாகத் துடையுங்கள். மங்கலான பக்கத்தில்தான் படம் இருக்கிறது. அங்கே ஓரத்தில் சோதித்துப் பார்த்த பின்பே கை வையுங்கள். பாமசியில் கிடைக்கும் 70 வீதம் உதவாது, மிச்சம் தண்ணீர்தானே. ஒட்டியவற்றை உலர்ந்த நிலையில் பிரித்தால் பூச்சு உரிந்து வரும். அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. வினாகிரி மணம் வருபவற்றை உடனே வேறாக்குங்கள்: ஃபிலிமே சிதைகிறது, அந்த ஆவி பக்கத்திலிருப்பதையும் கெடுக்கும். மற்றவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். வாடைக்காற்று மாதங்களில் ஜெல்லை அடிக்கடி மாற்ற வேண்டிவரும்.

ஃபிலிம் கழுவுவதில் உங்கள் ஊரின் சிக்கல் வெப்பம். எச்.பி.5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு, படத்தைத் தோன்றச் செய்யும் டெவலப்பரான ஐ.டி.-11ஐச் சம அளவு தண்ணீரில் கலந்தால் 20 பாகை செல்சியஸில் 13 நிமிடம், 24இல் ஏறத்தாழ 9. குழாய்த் தண்ணீர் 30ஐ நெருங்கும்போது நேரம் மிகவும் குறுகி, படம் திட்டுத் திட்டாக வரும், ஜெலற்றினும் இளகும். ஐஸை மருந்துக்குள் போடாதீர்கள், செறிவு குறையும். பேசினில் ஐஸ் தண்ணீர் விட்டு, மருந்துப் போத்தல்களை அதில் நிறுத்தி 24க்குக் கொண்டுவாருங்கள். டெவலப்பர் மட்டுமல்ல, அதன் வேலையை நிறுத்தும் ஸ்டொப், படத்தை நிலைக்கச் செய்யும் ஃபிக்ஸர், கடைசியாக அலசும் தண்ணீர் எல்லாமே அதே வெப்பநிலையில் இருக்கட்டும். குளிர்ந்த மருந்திலிருந்து சூடான தண்ணீருக்கு மாறினால் ஜெலற்றின் திடீரென உப்பிச் சுருக்கம் கண்டு, வலை போல வெடிப்பு விழலாம். அதைத் திருத்த வழியில்லை.

உலர்த்தும்போது கடல் பக்க ஜன்னலை மூடிவிடுங்கள். ஈர ஜெலற்றினில் விழும் தூசி காய்ந்தால் பிறகு எடுபடாது.