யானை போட்ட பட்டு கடல் தாண்டிய கதை

கேள்வி: ஜகார்த்தா போயிருந்தபோது அருங்காட்சியகத்தில் யானை போட்ட நீளமான பழைய பட்டுத்துணி பார்த்தேன். குஜராத்தில் செய்தது என்று எழுதியிருந்தது. அவ்வளவு தூரம் எப்படிப் போனது? நெய்ததா, அச்சடித்ததா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பட்டோலா. நெய்ததுதான், அதுவும் லேசுப்பட்ட நெசவு இல்லை. பாவு (நீளவாட்டு நூல்), ஊடை (குறுக்கு நூல்) இரண்டையும் தறிக்குப் போகும் முன்பே கணக்குப் பார்த்து அங்கங்கே இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, அவிழ்த்து, வேறு இடத்தில் கட்டி அடுத்த சாயத்தில் முக்கி என்று நிறம் நிறமாக ஏற்றுவார்கள். யானையின் தந்தத்துக்காகப் பாவில் வெள்ளை விட்டிருந்தால், ஊடையின் வெள்ளையும் சரியாக அங்கேயே வந்து உட்கார வேண்டும். கொஞ்சம் நெய்ததும் நிறுத்தி, ஊசியால் நூல் நூலாக நகர்த்திச் சேர்ப்பார்கள். இன்றும் குஜராத்தின் பதான் ஊரில் சால்வி குடும்பத்தார் ஒரு புடவைக்கு மாதக்கணக்கில் இப்படித்தான் உட்காருகிறார்கள்.

சரி, கடல் தாண்டியது எப்படி? இந்தோனேசியத் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும் வேண்டுமென்றால் காசைவிடத் துணிக்குத்தான் அங்கே மதிப்பு. குஜராத்தி வணிகர்கள் முன்பே கொண்டுபோனார்கள். அப்புறம் 1602-ல் தொடங்கிய டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி அதை விற்றதோடு, வியாபாரத்துக்கு வழி விடும் சிற்றரசர்களுக்குப் பரிசாகவும் கொடுத்தது. யானை போட்ட நீளத் துணிகள், இரண்டு முனையிலும் வரிசையாக முக்கோணங்கள் வைத்து, அந்த ஊர் ரசனைக்கென்றே நெய்யப்பட்டவை. ஜாவா அரண்மனைகளில் அது கால்சட்டையும் இடுப்புக்கச்சையும் ஆனது, கிழக்குத் தீவுகளில் குலச்சொத்தாகப் பெட்டிக்குள் போய்ச் சடங்கு நாளில் மட்டும் வெளியே வந்தது. அதனால்தான் பழைய பட்டோலாக்களில் நிறைய அங்கே தப்பியிருக்கின்றன. இங்கே கட்டிக் கிழித்ததை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கும்போதே எனக்கு மனசு நெகிழ்ந்துவிடும்.

அச்சா என்று நீங்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு. பட்டோலா வாங்க முடியாதவர்களுக்காக அதே டிசைனைப் பருத்தியில் மரக்கட்டையால் அச்சடித்தும் குஜராத்திலிருந்தே அனுப்பினார்கள். அடுத்த முறை உருவத்தின் விளிம்பைக் கிட்டே போய்ப் பாருங்கள். பட்டோலாவில் கோடு கத்தியால் வெட்டினமாதிரி இருக்காது, படிப்படியாக லேசாகக் கலங்கி இருக்கும், துணியைத் திருப்பினால் பின்பக்கமும் அதே யானை, அதே பளிச்சென்ற நிறத்தில் நிற்கும்.