அம்மாயிக்காகவா, சம்பளத்துக்காகவா?

வணக்கம் மிஸ். நான் பொகவந்தலாவ பக்கம் ஒரு தோட்டம், வயசு 20, ஏ.எல். பயோ ரிசல்ட் வந்துருச்சு, நேர்ஸிங்குக்கு அப்ளை பண்ணணும். ஏன் நேர்ஸிங்னு யாராச்சும் கேட்டா மட்டும் தொண்டைய அடைக்குது மிஸ். ஓ.எல். படிக்கிறப்ப ஒரு ராத்திரி அம்மாயிக்கு, அதான் அம்மாவோட அம்மாவுக்கு, நெஞ்சுவலி, லயத்து வரிச வீட்டுலருந்து மெயின் ரோட்டு வரைக்கும் கம்பளியில தூக்கிட்டு வந்துதான் ஆட்டோவுல ஏத்துனாங்க. ஆஸ்பத்திரி வாட்டுல நான்தான் கூட நின்னேன். "நெஞ்ச அடைக்குது, இடது கை கடுக்குது"ன்னு அம்மாயி சொல்லிக்கிட்டே இருந்துச்சு, அங்க இருந்த நேர்ஸுக்கு தமிழ் வெளங்கல, எனக்கு சிங்களத்துல "ரிதெனவா", வலிக்குதுன்னு ஒரே சொல்லுதான் வாயில வந்துச்சு, எங்க வலிக்குது எப்புடி வலிக்குதுன்னு சொல்லத் தெரியல. கால் சில்லுன்னு இருந்துச்சுன்னு என் ஸ்வெட்டர கழட்டி சுத்திவிட்டேன். விடியறதுக்குள்ள போயிருச்சு.

அம்மா கொழுந்து எடுக்குறாங்க, ராத்திரி ஷிப்ட்னா பயப்படுறாங்க. மாமா என்னன்னா வெளிநாட்டு சம்பளத்துக்குத்தானே இந்த ஆசைன்னு கேக்குறாரு. எனக்கும் சம்பளம் வேணும் மிஸ், லயத்த விட்டு ஒரு வீடு கட்டணும். அப்ப நான் அம்மாயிக்காகன்னு சொல்றது பொய்யா?

பதில்:

மகள், பொய் இல்ல. வீடு கட்டணும்னு நெனைக்கிறவளுக்கு நோயாளி மேல அக்கறை இருக்காதுன்னு யார் சொன்னது? மாமா சொன்னத அதோட விடுங்க.

எனக்கு கவலை வேற எடத்துல. அன்னைக்கு உங்களுக்கு 16 வயசு இருக்கும். 1987ல இலங்கை அரசியலமைப்புக்கு 13ஆம் திருத்தம் வந்தப்பவே தமிழும் இந்த நாட்டுல அரச கரும மொழி ஆயிருச்சு, அம்மாயி தமிழ்ல சொன்னத வெளங்கிக்க ஆள் வச்சிருக்க வேண்டியது அந்த ஆஸ்பத்திரி, அந்த பாரத்த நீங்க ஏன் மகள் இத்தன வருஷமா சுமக்குறீங்க? அந்த குற்ற உணர்ச்சியோட வாட்டுக்குள்ள போனா ஒவ்வொரு கட்டில்லயும் அம்மாயிதான் தெரிவாங்க, எவ்வளவு நல்லா பாத்தாலும் சில பேர் போயிருவாங்க, அப்பல்லாம் நீங்க மறுபடி அந்த ராத்திரிக்கே போயிருவீங்க.

ஆனா அந்த ஸ்வெட்டர். அத ஒரே வரியில எழுதிட்டு தாண்டிட்டீங்க. யாரும் சொல்லாம காலத் தொட்டுப் பாத்திருக்கீங்க, குளிருதுன்னு கண்டு செஞ்சிருக்கீங்க. நேர்ஸ் வேலையில பெரும்பகுதி அதுதான், அது அம்மாயிக்கு முந்தியே உங்ககிட்ட இருந்திருக்கணும். இன்டர்வியூல கேட்டா இதச் சொல்லுங்க.

அரசாங்க ட்ரெய்னிங் 3 வருஷம், அப்ளிகேஷன் கூப்புடுற அரசாங்க கெசட்ட விடாம பாருங்க. கம்பஸுக்கு எடுக்குற இசட் ஸ்கோர் புள்ளி இருந்தா பேராதனை கம்பஸ்ல 4 வருஷ டிகிரியும் இருக்கு, அது இங்கிலீஷ்ல. பேச்சு சிங்களத்த இப்பவே பழகுங்க, தமிழும் சிங்களமும் தெரிஞ்ச நேர்ஸ் நம்ம மலையில எவ்வளவு தேவைன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

அந்த "ரிதெனவா" கதைய அம்மாகிட்ட சொல்லியிருக்கீங்களா? இல்லன்னா இன்னைக்கு ராத்திரியே சொல்லுங்க. அவங்க அன்னைக்கு எழந்தது பெத்த தாய. ஆஸ்பத்திரியில ராத்திரின்னாலே அவங்களுக்கு ஏன் பயம்னு அப்ப வெளங்கும்.