தனியாக இருக்கும் வேலை அறைக்கு இன்டர்நெட்: கேள்வி பதில்

வீட்டுக்குள் இன்டர்நெட் நன்றாக ஓடும். தோட்டத்தில் தனியாகக் கட்டிய அறையில் போய் உட்கார்ந்தால், வீடியோ அழைப்பில் எதிரில் இருப்பவர் முகம் அப்படியே உறைந்து நிற்கும். கட்டடத்துக்குக் கட்டடம் கேபிள் இழுக்கும் வேலையில் பல வருடங்களாக இருப்பவன் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, என் அறை வீட்டிலிருந்து 25 மீட்டர் தள்ளி இருக்கு. நாலு ஆன்டெனா வெச்ச புது ரவுட்டர் வாங்கினேன். லேப்டாப்ல சிக்னல் நல்லாவே காட்டுது. ஆனா நான் பேசறது மட்டும் எதிர்ல இருக்கறவங்களுக்கு விட்டு விட்டுக் கேக்குது. ஏன்?

நீங்கள் பார்க்கும் சிக்னல் கோடுகள், ரவுட்டர் பேசுவது லேப்டாப்புக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். லேப்டாப் பேசுவது ரவுட்டரை எட்டுகிறதா என்று அதில் தெரியாது. லேப்டாப்பின் ஆன்டெனா சின்னது, அனுப்பும் சக்தியும் குறைவு. அதனால் வருவது வரும், போவது தடுமாறும். சுவரில் தகரமோ, வெப்பம் தடுக்கும் அலுமினியத் தாளோ, பூச்சு போட்ட கண்ணாடியோ இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

எதையும் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அறையில் உட்கார்ந்து, ரவுட்டரின் முகவரிக்கு ஒரு பிங் (சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எத்தனை நேரம் ஆகிறது என்று அளக்கும் கட்டளை), வெளியே உள்ள ஏதாவது ஒரு முகவரிக்கு இன்னொரு பிங், இரண்டையும் பத்து நிமிடம் சேர்ந்தே ஓட விடுங்கள். ரவுட்டருக்குப் போகும் பிங்கே நூற்றுக்கணக்கான மில்லிவிநாடி தாண்டிக் குதித்தால், கோளாறு வீட்டுக்கும் அறைக்கும் நடுவில். அது சீராக இருந்து வெளியே போவது மட்டும் குதித்தால், தோட்டத்தைத் தோண்டி ஒரு பயனும் இல்லை. உங்கள் இணைப்பைத்தான் கவனிக்க வேண்டும். இதைப் பார்க்காமல் பணத்தைக் கொட்டியவர்களை நிறையப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

ரிப்பீட்டர் ஒண்ணு வாங்கி அறைக்குள்ள மாட்டினேன் சார். முழு சிக்னல் காட்டுது, வேகம் மட்டும் இல்லை.

மாட்டிய இடம் தவறு. உங்கள் அறைக்குள் வரும் சிக்னலே நைந்து போயிருக்கிறது. ரிப்பீட்டர் அந்த நைந்ததைத்தான் திருப்பிச் சொல்கிறது. வீட்டுக்குள், அறையைப் பார்த்த ஜன்னல் ஓரம் வைத்துப் பாருங்கள். அப்படி வைத்தாலும், ஒரே ரேடியோவில் கேட்டு அதே ரேடியோவில் திருப்பிச் சொல்லும் வகை என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி ரேடியோ உள்ள மெஷ் கருவிகள் (பல இடங்களில் வைத்து ஒரே வைஃபையாக இயங்கும் பெட்டிகள்) பரவாயில்லை. ஆனாலும் இதைத் தற்காலிக ஏற்பாடாகத்தான் சொல்வேன். பிழைப்பே இந்த இணைப்பை நம்பி என்றால் கேபிளுக்குப் போய்விடுங்கள்.

40 மீட்டர் தூரம். பள்ளம் தோண்ட முடிவு பண்ணிட்டோம். கேட் 6 போதும்னு நண்பர் சொல்றார், ஃபைபர் எல்லாம் ஆபீஸுக்குத்தானாம். உங்க கருத்து?

தூரத்தை மட்டும் பார்த்தால் நண்பர் சொல்வது சரி. கேட் 6 போன்ற செம்புக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். நொடிக்கு 1 கிகாபிட் போதும் என்றால் கேட் 5இ கூடப் போதும். ஆனால் நான் ஃபைபர், அதாவது ஒளியில் ஓடும் கண்ணாடி இழைக் கேபிள்தான் போடச் சொல்வேன். காரணம் மின்னல்.

இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனி எர்த் இருந்தால், அவற்றின் மின்னழுத்தம் எப்போதும் ஒன்றாக இருக்காது. பக்கத்தில் எங்காவது மின்னல் இறங்கினால் அந்த வேறுபாடு ஒரு நொடிக்குள் பல ஆயிரம் வோல்ட் ஆகும். நடுவில் செம்புக் கம்பி கிடந்தால் அதுதான் பாலம். தொழிலுக்கு வந்த புதிதில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நானே செம்பு இழுத்துக் கொடுத்தேன். முதல் பெருமழையில் இரு முனையிலும் இருந்த நெட்வொர்க் சுவிட்ச் போனது. அதோடு இணைத்திருந்த கணினியின் நெட்வொர்க் போர்ட்டும் போனது. மின்னல் அந்தக் கட்டடங்கள் மேல் விழவே இல்லை, தள்ளித்தான் எங்கோ விழுந்தது. அன்றிலிருந்து கட்டடம் தாண்டினால் கண்ணாடி இழைதான். அதில் மின்சாரம் பாயாது.

ஃபைபர் என்றதும் பயப்பட வேண்டாம். இரு முனையிலும் கனெக்டர் போட்டே தயாராக வரும் சிங்கிள் மோடு (ஒளி ஒரே பாதையில் போகும் மெல்லிய இழை வகை) கேபிள் கிடைக்கும். வெளியில் போடத் தகுந்ததாக, உள்ளே உலோகமே இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். எலி கடிக்காமலிருக்க உலோகக் கவசம் போட்ட வகையை எடுத்தால், மின்னலுக்கு மறுபடி பாலம் போட்டதாகிவிடும். இரு முனையிலும் ஒவ்வொரு மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரின் ஒளியைச் சாதாரண நெட் கேபிளுக்கு மாற்றித் தரும் பெட்டி), அவ்வளவுதான். ஒற்றை இழையில் ஓடும் கன்வர்ட்டர் என்றால் ஏ, பி என்று ஜோடியாக வரும். இரண்டும் ஒரே வகையானால் இணைப்பே கிடைக்காது. 10 கிலோமீட்டர் என்று போட்டிருப்பது 40 மீட்டருக்கும் தாராளமாக வேலை செய்யும். 80 கிலோமீட்டர் வகையை எடுக்காதீர்கள், அதன் ஒளி இவ்வளவு கிட்டத்தில் எதிர்முனையைத் திணறடிக்கும்.

குழாயைப் பெரிதாகப் போடுங்கள். கேபிள் மெல்லியதுதான், அதன் தலையில் இருக்கும் கனெக்டர் அகலமானது. அது நுழைய வேண்டும். முனையில் செங்குத்து எல்போ போடாமல் நீண்ட வளைவாகத் திருப்புங்கள். குழாய்க்குள் எப்படியும் தண்ணீர் இறங்கும் என்று வைத்துக்கொண்டே கேபிளைத் தேர்ந்தெடுங்கள். பிற்பாடு இன்னொன்று இழுக்க ஒரு நைலான் கயிற்றை உள்ளேயே விட்டுவையுங்கள். கனெக்டரின் மூடியைச் செருகும் நேரம் வரை கழற்றாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத தூசி போதும், இணைப்பு தகராறு பண்ண. ஒளி ஓடும் இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுதல் செய்யக்கூடும்.

எங்க எலக்ட்ரீஷியன் கரண்ட் ஒயர் போன அதே குழாயில நெட் கேபிளையும் விட்டுட்டார். இரண்டு வருஷமா ஓடுது. விட்டுடலாமா?

விட வேண்டாம். இன்டர்நெட் குறையும் என்பதற்காகச் சொல்லவில்லை. கரண்ட் ஒயரின் உறை எங்காவது உரிந்தால், நீங்கள் கையால் தொடும் நெட் கேபிளில் வீட்டு மின்சாரம் ஏறும். தனிக் குழாயில், உங்கள் ஊர் மின்விதி சொல்லும் இடைவெளி விட்டு மாற்றுங்கள். மாற்றும்போது ஃபைபராகவே போட்டுவிடுங்கள்.

நடுவுல முழுக்க கான்கிரீட் தளம், தோண்ட வழியே இல்லை. என்ன பண்றது?

வயர்லெஸ் பிரிட்ஜ். ஒன்றை ஒன்று பார்த்தபடி வைக்கும் இரண்டு சின்னப் பெட்டிகள். ஒன்று வீட்டுச் சுவரில், மற்றது அறைச் சுவரில். இரண்டையும் வெளிப்புறமாகவே மாட்டுங்கள், கண்ணாடிக்குப் பின்னால் வேண்டாம். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாது. அந்தப் பார்வைக் கோட்டைச் சுற்றிலும் கொஞ்சம் காலி இடம் வேண்டும். சுவர் விளிம்பையோ கிளையையோ உரசிக்கொண்டு போகக்கூடாது. மரம் நடுவில் இருந்தால் இலை உதிர்ந்த காலத்தில் சோதித்து ஏமாறாதீர்கள். மழையில் நனைந்த இலை சிக்னலை நன்றாகக் குடித்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் வகையில் ரேடாருக்கும் பொதுவான சில சேனல்கள் உண்டு. ரேடார் தென்பட்டால் கருவி சேனலை விட்டு விலகியே ஆக வேண்டும், அழைப்பு நடுவில் அறுந்துவிடும். அந்தச் சேனல்களைத் தவிர்த்து அமையுங்கள்.

கரண்ட் ஒயர் வழியாவே இன்டர்நெட் அனுப்பற அடாப்டர்?

இரண்டு இடத்துக்கும் ஒரே மெயின் போர்டிலிருந்து மின்சாரம் போனால் முயலலாம். சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். சர்ஜ் தடுப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி அந்த சிக்னலை விழுங்கிவிடும். மோட்டார் ஓடும்போது திணறும். திருப்பித் தரும் வசதியோடு வாங்குங்கள்.

அறையில பழைய ரவுட்டரை மாட்டினேன். இன்டர்நெட் வருது, ஆனா வீட்ல இருக்கற பிரின்டர் தெரியல.

அந்த ரவுட்டர் தனக்கென்று இன்னொரு நெட்வொர்க்கை உண்டாக்கிவிட்டது. அதன் அமைப்பில் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (தனி நெட்வொர்க் உண்டாக்காமல் வீட்டு நெட்வொர்க்கையே நீட்டும் நிலை) மாற்றுங்கள், பிரின்டர் தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸில் வீட்டுக்கு 1, அறைக்கு 6 அல்லது 11 என்று சேனலைப் பிரித்து வையுங்கள். வேலை பார்க்கும் கணினிக்கு மட்டும் கேபிள் கொடுங்கள். இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்ததைக் கடைசி இரண்டு மீட்டரில் காற்றில் விட வேண்டாம்.

அறையில யுபிஎஸ் இருக்கு, இருந்தும் கரண்ட் போனா நெட்டும் போயிடுது அண்ணா.

வீட்டில் இருக்கும் மோடம், ரவுட்டர், அந்தப் பக்கத்து கன்வர்ட்டர் மூன்றுக்கும் யுபிஎஸ் இருக்கிறதா? சங்கிலியில் ஒன்று அணைந்தாலும் அறைக்கு எதுவும் வராது. இவை இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் சின்ன யுபிஎஸ்கூட நீண்ட நேரம் தாங்கும். வெளியிலிருந்து வரும் இணைப்பே போனால், சிம் போடும் 4ஜி ரவுட்டர் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். ஒரு தெளிவான வீடியோ அழைப்புக்கு நொடிக்கு 3, 4 மெகாபிட் இருந்தால் சமாளிக்கலாம். அந்த 4ஜி ரவுட்டரை அறையில் எந்த மூலையில் வைத்தால் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று ஓய்வான ஒரு நாளில் பார்த்துக் குறித்து வையுங்கள்.