அலுமினியம் பிளேட்டுக்கு எத்தனை மைக்ரான் சமதளம் போதும்? கேள்வி பதில்

கேள்வி: 400 × 300, 12 மி.மீ. தடிமன், 6061 (ஒரு அலுமினிய அலாய்) பிளேட். முழு முகத்துக்கும் சமதளம் (மிக மேடான இடத்துக்கும் மிகப் பள்ளமான இடத்துக்கும் உள்ள வித்தியாசம்) 0.02 மி.மீ. என்று டிராயிங்கில் போட்டோம். கேட்ட ஷாப் எல்லாம் விலையை ஏற்றிச் சொல்கிறார்கள் சார். எவ்வளவு தளர்த்தலாம்?

பதில்: அந்த முகத்தில் என்ன உட்காரப் போகிறது என்பதை முதலில் பாருங்கள். வெறும் கவர் என்றால் ஐஎஸ்ஓ 2768-இன் (டிராயிங்கில் தனியாக டாலரன்ஸ், அதாவது அனுமதிக்கும் விலகல், எழுதாத இடங்களுக்கான பொதுத் தரம்) எச் வகுப்பே போதும். 400 மி.மீ. நீளத்துக்கு அது 0.3 தருகிறது, கே வகுப்பு 0.6. (அதன் இரண்டாம் பாகம் 2021-இல் விலக்கப்பட்டுவிட்டது, ஆனாலும் ஷாப்களில் இன்னும் புழங்குகிறது.) நீங்கள் கேட்டது எச்-ஐ விடப் பதினைந்து மடங்கு இறுக்கம்.

மோட்டாரோ கைடு ரயிலோ உட்காருகிறது என்றால், உட்காரும் இடத்தை மட்டும் 1 மி.மீ. உயர்ந்த பேடாக விட்டு, அந்தப் பேடுகளுக்கு 0.03 கொடுங்கள். மீதி முகத்துக்கு 0.3. ஐஜிபிடி மாட்யூல் (அதிக மின்சாரத்தை ஸ்விட்ச் செய்யும் பாகம்) போன்ற சூடாகும் பொருள் என்றால் மாட்யூலுக்குக் கீழே மட்டும் 100 மி.மீ.க்கு 0.05 என்று எழுதுங்கள். இந்த ஒரு மாற்றமே விலையைப் பெரிதாக இறக்கும்.

கேள்வி: வைஸில் (பிளேட்டைப் பிடிக்கும் இடுக்கி) இருக்கும்போது டயல் கேஜ் 0.02 காட்டுகிறது, கழற்றினால் 0.2 வளைகிறது. ஏன்?

பதில்: இரண்டில் ஒன்று, அல்லது இரண்டுமே. வளைந்த பிளேட்டை அழுத்திப் பிடித்து வெட்டினால், விட்டதும் பழைய வளைவுக்கே திரும்பும். கிளாம்ப் போடும் முன் அடியில் பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். நுழையும் இடத்தில் அதே கனத்துக்கு ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வையுங்கள், அதன் மேல் கிளாம்ப் போடுங்கள்.

இரண்டாவது, உள்ளே இருக்கும் ஸ்ட்ரெஸ். வெறும் டி6 (சூடாக்கிக் கடினப்படுத்திய நிலை) வாங்காதீர்கள், டி651 கேளுங்கள். சூடாக்கிக் குளிர்வித்த பிறகு 1.5 முதல் 3 சதவீதம் வரை இழுத்து ஸ்ட்ரெஸ்ஸைத் தணித்த பிளேட் அது. இருபுறமும் சமமாக ரஃப் பண்ணி (முதலில் பெருவெட்டாக வெட்டி), பக்கத்துக்கு 0.5 மி.மீ. மிச்சம் விடுங்கள். கழற்றி ஒரு இரவு விட்டு, மறுபடி ஷிம் வைத்து லேசாகப் பிடித்து, 0.2 மி.மீ. வெட்டுகளாகத் திருப்பித் திருப்பி முடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஆழமான பாக்கெட் (குடைந்த பள்ளம்) என்றால் எப்படிப் பண்ணினாலும் கொஞ்சம் வளையும். அதற்கு டாலரன்ஸில் இடம் விடுங்கள்.

கேள்வி: வார்ப்பு டூலிங் பிளேட் விலை அதிகம். வாங்கலாமா?

பதில்: முகத்தை வெட்டாமல் துளை மட்டும் போடுவதாக இருந்தால் வாங்குங்கள். அந்த வகைப் பிளேட்டான எம்ஐசி-6 இருபுறமும் மில் செய்தே வருகிறது. முக்கால் அங்குலமும் அதற்கு மேலும் தடிமன் என்றால் சமதளம் 0.13-க்குள், அதைவிட மெல்லியதில் 0.38. முகத்தை மில் செய்யும் கூலி மிச்சம். ஆனால் வலு குறைவு: அதன் ஈல்டு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம்) சுமார் 105 எம்பிஏ, 6061-டி6-க்குச் சுமார் 275. அடிக்கடி கழற்றும் திரெட்டில் ஹெலிகாயில் (திரெட்டைக் காக்கும் கம்பிச் சுருள்) போடுங்கள்.

கேள்வி: கிரைண்டிங்கில் விட்டால் சரியாகாதா அண்ணே?

பதில்: காந்த டேபிளில் அலுமினியம் ஒட்டாது தம்பி, சக்கரத்தையும் அடைத்துவிடும். ஃப்ளை கட்டரே (மில்லில் முகத்தைச் சீவும் ஒற்றைப் பல் கட்டர்) போதும்.

கேள்வி: ஒரே பிளேட்டின் சமதளம் எங்கள் ஷாப்பில் 0.04, வாங்குபவரிடம் 0.09. யார் சரி?

பதில்: அளந்த முறையைக் கேளுங்கள். சர்ஃபேஸ் பிளேட்டில் (அளப்பதற்கான தட்டையான மேடை) அப்படியே படுக்க வைத்து மேலே டயல் ஓட்டினால் கிடைப்பது இணைத்தன்மை (மேல்முகம் அடிமுகத்துக்கு இணையாக இருக்கும் அளவு), சமதளம் இல்லை. மூன்று ஜாக்கில் நிறுத்தி, ஜாக் இருக்கும் மூன்று புள்ளிகளையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிறகு ஓட்ட வேண்டும். டிராயிங்கில் "பிடிக்காத நிலையில்" அல்லது "போல்ட் இறுக்கிய நிலையில்" என்று எழுதியே ஆக வேண்டும்.

வெப்பத்தையும் பாருங்கள். 300 மி.மீ. நீளம், 10 மி.மீ. தடிமன் பிளேட்டில் மேல்முகம் அடிமுகத்தை விட 1 டிகிரி சூடாக இருந்தால் நடுவில் 0.027 மி.மீ. தூக்கும். மெஷினிலிருந்து இறக்கிய கையோடு அளந்திருந்தால் அந்த வித்தியாசத்தில் பாதி அங்கேயே வந்திருக்கலாம்.