கிரேக்க சிலைகள் பத்தி என்ன வேணா கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

கேள்வி: அக்கா, ஆரம்ப கால கிரேக்க சிலையெல்லாம் எகிப்து சிலை மாதிரியே விறைப்பா நிக்குதே, காப்பியா?

பதில்: கத்துக்கிட்டது அங்கேர்ந்துதான்பா. கி.மு. 600 வாக்குல செஞ்ச கூரோஸ்னு சொல்ற வாலிபன் சிலைங்களைப் பாருங்க, இடது கால் முன்னால, கை ரெண்டும் தொடையோட ஒட்டி, அப்படியே எகிப்து நிலை. ஆனா அங்க முதுகுப் பக்கமும் கால் நடுவுலயும் கல்லை விட்டுவைப்பாங்க, கிரேக்கர் அதைச் செதுக்கி எடுத்துட்டாங்க, சிலை சொந்தக் கால்ல நிக்குது.

கேள்வி: அப்போ உயிர் வந்தது எப்ப?

பதில்: எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி. ஏதென்ஸ்ல அக்ரோபோலிஸ்னு கோயில் இருக்கிற குன்று, அதோட மியூசியத்துல க்ரிட்டியோஸ் பையன்னு (க்ரிட்டியோஸ் ஒரு சிற்பி) ஒரு பளிங்குச் சிலை, கி.மு. 480 ஒட்டி செஞ்சது, நாலடிகூட இருக்காது. பஸ்ஸுக்கு நிக்கும்போது நாம ஒரு கால்ல பாரத்தைப் போட்டு இன்னொரு முட்டியைத் தளர விடுவோம்ல, அதேதான். இடது கால் தாங்குது, வலது முட்டி மடங்குது, அதனால வலது இடுப்பு லேசா இறங்குது, தலையும் கொஞ்சம் திரும்புது, பழைய சிலைங்கள்ல இருந்த அந்த அச்சு மாதிரி சிரிப்பு காணோம். இடுப்புல அந்தச் சின்ன சரிவுதான் மொத்தத்தையும் மாத்திடுச்சு.

கேள்வி: கிரேக்கப் பானைல கறுப்பு உருவம், சிவப்பு உருவம்னு சொல்றாங்களே?

பதில்: முதல்ல உருவம் கறுப்பு, உள்கோடெல்லாம் கீறணும். கி.மு. 525 வாக்குல தலைகீழாச்சு, பின்னணி கறுப்பு, உருவம் மண் நிறம், கோட்டை பிரஷ்ல வரையலாம்.

கேள்வி: மேடம், சிலையெல்லாம் நிஜமாவே வெள்ளையாவா வெச்சிருந்தாங்க?

பதில்: இல்லவே இல்லங்க. சிவப்பு, நீலம், மஞ்சள்னு முழுக்க வண்ணம். கி.மு. 480ல பாரசீகர் ஏதென்ஸை எரிச்சப்போ உடைஞ்ச சிலைங்களை ஊர்க்காரங்களே அக்ரோபோலிஸ்ல புதைச்சாங்க, வெயில் மழை படாததால பெப்லோஸ் கோரேங்கிற பெண் சிலைல இன்னும் வண்ணத் தடம் இருக்கு. வெள்ளைதான் அழகுன்னு நினைச்சது பின்னால வந்தவங்க.

கேள்வி: கிரேக்க வெண்கலச் சிலைக்கு ரோம்காரங்க செஞ்ச பளிங்குக் காப்பிதான் நிறைய, ஒரிஜினல் வெண்கலம் எங்க போச்சு?

பதில்: உருக்கிட்டாங்க. பொலிக்லைடோஸ்ங்கிற கிரேக்கச் சிற்பி செஞ்ச ஈட்டிக்காரன் ஒரிஜினலும் போயே போச்சு, நம்மகிட்ட இருக்கிறது காப்பிங்கதான். கால் பக்கத்துல ஒரு மரக்கட்டை இருக்கும் பாருங்க, வெண்கலம்னா அது தேவையே இல்ல, பளிங்கு பாரம் தாங்காதுன்னுதான் வெச்சது. கடல்ல மூழ்கினது சிலது தப்பிச்சுது. 1972ல இத்தாலியில ரியாச்சே கடற்கரைக்கிட்ட ரெண்டு வீரர் சிலை கிடைச்சுது, உதடு செம்பு, ஒருத்தருக்குப் பல் வெள்ளி, வாய் லேசா திறந்திருக்கிறதால பல் தெரியும்.

கேள்வி: காந்தார புத்தருக்கும் இவங்களுக்கும் சம்பந்தம் உண்டா அக்கா?

பதில்: உண்டு. அலெக்சாண்டருக்கு அப்புறம் பாக்ட்ரியாவுல, அதாவது இன்னைக்கு ஆப்கானிஸ்தான் வடக்குப் பக்கம், கிரேக்க அரசர்கள் ஆண்டாங்க, பின்னாடி ரோமோட வியாபாரமும் சேர்ந்துச்சு. காந்தாரம்னா இன்னைக்குப் பாகிஸ்தான்ல பெஷாவர் பக்கம், அங்கத்த புத்தர் சிலைல அலை அலையா முடி, ரெண்டு தோளையும் மூடின அங்கி, அதுல கனமா விழற மடிப்பு. அந்த அங்கிக்குள்ள பாருங்க, ஒரு முட்டி லேசா மடங்கியிருக்கும்.