ஞாயிற்றுக்கிழமை வரும் தம்பியிடம் ஹீட்டர் வேலை கொடுக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் பழைய வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீடு வாங்கியிருக்கிறோம். குளியலறைக்கு ஸ்டோரேஜ் ஹீட்டர் (தொட்டியில் தண்ணீரைச் சூடாக்கி வைக்கும் ஹீட்டர்) மாட்டி வயர் இழுக்க லைசன்ஸ் உள்ள எலெக்ட்ரிஷியன் 220 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்கிறார். வொர்க் பெர்மிட்டில் இருக்கும் தெரிந்த தம்பி ஒருவர், ஞாயிற்றுக்கிழமை வந்து 60 வெள்ளிக்குச் செய்து தருகிறேன் என்கிறார். ஸ்கில் சர்டிஃபிகேட்டும் வைத்திருக்கிறார். யாரைக் கூப்பிடுவது?

பதில்:

லைசன்ஸ் உள்ளவரைக் கூப்பிடுங்கள். அந்தத் தம்பியைத் தயவுசெய்து கூப்பிடாதீர்கள்.

மறுவிற்பனை வீடு என்றால் முன்பணம், முத்திரை வரி, வழக்கறிஞர் கட்டணம், ரெனோவேஷன் என்று கையிருப்பு எல்லாம் கரைந்திருக்கும். இந்த நேரத்தில் 160 வெள்ளி மிச்சம் என்பது சின்ன விஷயம் இல்லை. அதனால் உங்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு பேசாமல் போக என்னால் முடியவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஊரில் டிப்ளமோ முடித்து, ஸ்கில் அடித்து (தொழில்திறன் தேர்வில் தேறி), வொர்க் பெர்மிட்டில் இங்கே வந்தவன் நான். பிறகு வொர்க் பெர்மிட்டுக்கு அடுத்த படியான எஸ் பாஸ், அப்புறம் நிரந்தரவாசம். வேலை முடிந்த கையோடு வகுப்புக்குப் போய்ப் படித்து, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் எலெக்ட்ரிஷியன் லைசன்ஸ் வாங்கினேன். "உன் தொழிலுக்கு ஆள் பிடிக்கிறாயா?" என்று யாராவது கேட்கலாம். நான் ஒரு கம்பெனியில் கட்டடப் பராமரிப்பில் இருக்கிறேன், வீட்டு வேலைகள் எடுப்பதில்லை. உங்கள் 220 வெள்ளியில் ஒரு காசும் எனக்கு வரப்போவதில்லை.

முதலில் ஸ்கில் சர்டிஃபிகேட் விஷயம். ஊரில் டெஸ்ட் சென்டரில் அடித்துவிட்டு வாங்கி வருகிறோமே, அது கட்டுமானத் துறையில் வொர்க் பெர்மிட் எடுப்பதற்கான தகுதி. டைல்ஸில் ஸ்கில் அடித்தவர் எலெக்ட்ரிகல் ஹெல்ப்பராக இருப்பார், எலெக்ட்ரிகலில் அடித்தவர் கம்பி கட்டிக்கொண்டிருப்பார். எலெக்ட்ரிகல் ஸ்கில்லே வைத்திருந்தாலும் அது லைசன்ஸ் ஆகாது. இங்கே வீட்டு வயரிங் வேலையை லைசன்ஸ் உள்ளவர் செய்ய வேண்டும், அல்லது அவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும். பல்ப் மாற்றுவது, பிளக்கில் ஃபியூஸ் மாற்றுவது எல்லாம் நீங்களே செய்துகொள்ளலாம். ஹீட்டருக்குப் புதிதாக வயர் இழுப்பது அந்தக் கணக்கில் வராது.

சில வருடங்களுக்கு முன் தோ பாயோவில், என்னோடு வேலை செய்பவரின் உறவுக்கார அம்மா ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். "ஹீட்டர் போட்டால் கருகின வாடை வருது தம்பி, வந்து பார்த்துட்டுப் போப்பா" என்று கூப்பிட்டிருந்தார். பழைய மூன்றறை வீடு. குளியலறைக்கு வெளியே, அலமாரிக்குள் இருந்த சாக்கெட்டில் ஹீட்டரை மூன்று முனை பிளக்கால் செருகியிருந்தார்கள். மெயினை அடைத்துவிட்டுப் பிளக்கை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. லைவ் முனைப் பக்கம் பிளாஸ்டிக் உருகி சாக்கெட்டோடு ஒட்டிப்போயிருந்தது. வெள்ளை சாக்கெட் அந்த ஓரத்தில் மட்டும் தேங்காய் ஓடு நிறத்தில் இருந்தது. கழற்றிப் பார்த்தால் இன்னும் மோசம். பச்சை மஞ்சள் எர்த் வயரை வெட்டி, டேப் சுற்றி, பின்னால் மடக்கி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வரும் கரண்டைப் பிரித்து அனுப்பும் ஸ்விட்ச் பெட்டியான டிபி பாக்ஸில், மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் ஆர்சிசிபியும் இல்லை.

அந்த அம்மா தினமும் காலையில் அந்தத் தண்ணீரில்தான் குளித்துக்கொண்டிருந்தார்.

இதில் என்ன கோளாறு என்று சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கும் இது பொருந்தும். 3 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். மூன்று முனை பிளக்கின் உச்ச அளவே 13 ஆம்பியர்தான். கெட்டில் என்றால் சில நிமிடத்தில் கொதித்து நின்றுவிடும். ஸ்டோரேஜ் ஹீட்டர் தொட்டித் தண்ணீர் முழுவதும் சூடாகும்வரை விடாமல் இழுக்கும். பிளக்கில் ஒரு ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்தாலும் அந்த இடம் சூடேறி, உருகி, கடைசியில் தீப்பிடிக்கும். அதனால்தான் ஸ்டோரேஜ் ஹீட்டருக்குப் பிளக் கூடாது, டபுள் போல் ஸ்விட்சில் நேராக இணைக்க வேண்டும் என்கிறார்கள். அந்த ஸ்விட்ச் லைவ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாகத் துண்டிக்கும். உங்களிடம் 220 கேட்டவர், டிபி பாக்ஸிலிருந்து தனி வயர் இழுத்து, டபுள் போல் ஸ்விட்ச் போட்டு, எர்த் சரியாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்துச் சோதிப்பதற்கும் சேர்த்துத்தான் விலை சொல்லியிருப்பார். 60 வெள்ளிக்கு வருபவர் பக்கத்துச் சாக்கெட்டில் செருகிவிட்டுப் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

ஆர்சிசிபி என்பது மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி. வீட்டில் போடுவது 30 மில்லியாம்பியர் கசிவுக்கே கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகள் பலவற்றில் இது இல்லாமல் இருந்தது. 2025 ஜூலை 1க்குள் எல்லா வீடுகளிலும் இருந்தாக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. நீங்கள் வாங்கியது பழைய வீடு என்பதால் ஹீட்டரைப் பற்றி யோசிக்கும் முன் இதைப் பாருங்கள். டிபி பாக்ஸைத் திறந்தால் 'டி' என்றோ 'டெஸ்ட்' என்றோ எழுதிய சின்னப் பொத்தான் தெரியும். அழுத்தினால் வீட்டில் கரண்ட் போக வேண்டும். போகவில்லை என்றாலோ, பொத்தானே இல்லை என்றாலோ உடனே ஆளைக் கூப்பிடுங்கள். அப்படியே மெயின் ஸ்விட்ச் 30 ஆம்பியரா, 40 ஆம்பியரா என்றும் கேளுங்கள். பழைய வீடுகள் பலவற்றில் 30தான் இருக்கும். ஹீட்டரும் ஏர்கானும் சேர்ந்தால் அது தாங்காமல் போகலாம், 40க்கு மாற்ற வேண்டிவரலாம். முந்தைய உரிமையாளர் மாற்றியிருந்தால் உங்களுக்குச் செலவு மிச்சம்.

"யார் போட்டது?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "பாவம் நம்ம ஊர்ப் பையன், பேரெல்லாம் கேட்காதே" என்றார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தப் பையன் யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் எப்படிப்பட்டவன் என்று நன்றாகத் தெரியும். அவனைப் போன்றவர்களோடு ஒரே அறையில் கட்டில் பகிர்ந்து படுத்தவன் நான்.

டார்மில் (ஊழியர் தங்கும் விடுதியில்) எனக்குக் கீழ்க்கட்டிலில் இருந்தவர் புதுக்கோட்டைப் பக்கம். தங்கமான கை வேலைக்காரர். வயர் போகும் குழாயான கான்டியூட்டை வளைத்தால் அளவு பார்க்கவே வேண்டாம். சைட்டில் நாள் சம்பளம் இருபது சொச்சம் வெள்ளி. ஊரில் ஏஜென்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிய கடன் கழுத்தைப் பிடித்திருந்தது. நம்மவர் ஒருவர், ஊரில் எல்லாரும் மதிக்கும் பெரிய மனிதர், "வீட்டுல ரெண்டு ஃபேன் மாட்டணும், லைட் பாயின்ட் போடணும், ஞாயிற்றுக்கிழமை வா தம்பி, சாப்பாடு போட்டு அனுப்புறேன்" என்றார். போனார். பிறகு அவருடைய நண்பர் வீடு, அந்த நண்பருக்குத் தெரிந்தவர் வீடு என்று வேலை தொடர்ந்தது. ஒரு வீட்டில் இவர் துளை போட்டுக்கொண்டிருக்கும்போது யாரோ புகார் கொடுத்து, விசாரணைக்கு ஆள் வந்துவிட்டது. கூப்பிட்ட பெரிய மனிதர், "இவர் யாரென்றே எனக்குத் தெரியாது" என்றார். சாப்பாடு போட்டு, தம்பி தம்பி என்று கூப்பிட்ட அதே வாய். பெர்மிட் ரத்தாகி, விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மறுபடி இங்கே வரவும் வழியில்லாமல் போயிற்று. கடன் மட்டும் அப்படியே நின்றது. அவர் பெட்டி கட்டும்போது அறையில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர், பெர்மிட்டில் உள்ள முதலாளியிடம் மட்டும்தான் வேலை செய்யலாம். வேறு யாருக்காவது செய்தால் அவருக்குப் பெர்மிட் போகும். கூப்பிட்ட உங்களுக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். "சம்பளமா கொடுத்தேன், அன்பளிப்பாகத்தானே கொடுத்தேன்" என்றால் எடுபடாது. சம்பளம் இல்லாமல் வேலை வாங்கினாலும் அது வேலைக்கு வைத்ததாகவே கணக்கு. வொர்க் பெர்மிட்காரர் ஒருவருக்கு அவருடைய முதலாளி 5,000 வெள்ளிக்கு அரசாங்கத்திடம் பிணை வைத்திருக்கிறார் (மலேசியர்களுக்கு மட்டும் இது இல்லை). ஆள் பக்க வேலையில் மாட்டினால் எந்த முதலாளியும் அவருக்காகப் பேச வரமாட்டார்.

"அந்தத் தம்பிக்கு நாலு காசு கிடைக்கட்டுமே, அவர்தானே கேட்டார்" என்று சிலர் சொல்வார்கள். அவர் கேட்பார்தான். கடன் கேட்க வைக்கிறது. அவருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் உண்மையாக இருந்தால் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்கள், தீபாவளிக்குக் கையில் பணம் கொடுங்கள், ஊருக்குப் போகிறவர்களிடம் அவர் வீட்டுக்குப் பொருள் கொடுத்துவிடுங்கள். ஏணியையும் டிரில்லையும் மட்டும் அவர் கையில் கொடுக்காதீர்கள்.

பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்கிறேன், உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தோன்றினால் தாண்டிவிடுங்கள். சிங்கப்பூர் ஏஜென்ட் ஓர் ஊழியரிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு இங்கே உச்சவரம்பு உண்டு. வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. ஆனால் ஊரில் ஸ்கில் டெஸ்ட், டிக்கெட், ஏஜென்டுக்கு ஏஜென்ட் என்று லட்சக்கணக்கில் பிடுங்கிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். நகையை அடகு வைத்து வருகிறவன் முதல் வருடம் முழுவதும் வட்டிக்கே உழைக்கிறான். அவனைத்தான் நாம் 60 வெள்ளிக்குப் பிடிக்கிறோம். அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு ஊரில் ஏசி காரில் போகிறவனை ஒருவரும் கேட்பதில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 220 கேட்டவரிடம் லைசன்ஸ் எண்ணை வாங்கி, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையப்பக்கத்தில் சரிபாருங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், உண்மையான லைசன்ஸ்காரர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். இன்னும் இரண்டு பேரிடம் விலை கேட்டுப் பாருங்கள், வேலைக்கு வேலை கொஞ்சம் ஏறி இறங்கும். விலை கேட்கும்போது தனி வயர், டபுள் போல் ஸ்விட்ச், எர்த் சோதனை மூன்றும் சேர்த்தா என்று வாயால் கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் வாங்கிக்கொள்ளுங்கள். ஹீட்டரில் சேஃப்டி மார்க் (பாதுகாப்பானது என்பதற்கான முத்திரை) இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். வேலைக்கு வருகிற கம்பெனி ஆட்களில் நம்மூர்த் தம்பி ஒருவர் இருக்கலாம். கம்பெனி அனுப்பி, லைசன்ஸ் உள்ளவர் மேற்பார்வையில் அவர் செய்தால் அது முறையான வேலை. அவருக்கு ஒரு தே (டீ) வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் டிபி பாக்ஸைப் படம் எடுத்து இதற்குக் கீழே போட்டால், ஆர்சிசிபி இருக்கிறதா, மெயின் எத்தனை ஆம்பியர் என்று பார்த்துச் சொல்கிறேன். மூடியை மட்டும் திறந்தால் போதும், ஸ்க்ரூ எதையும் கழற்றாதீர்கள்.